கன்கஷன்: தமிழில் மூளைக்குலுக்கம்

போன பொங்கலுக்கு நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர் ஒன்றில் இரவுக் கபடி. மைக் பிடித்து வர்ணனை சொன்னது நான். பாடிப் போன பையனைக் கணுக்காலில் மடக்கினார்கள். விழும்போது, பிடித்தவர்களில் ஒருவரின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. பையன் தானாகவே எழுந்தான். எழுந்தவன் எதிரணி உட்கார்ந்திருந்த பக்கம் போய் உட்கார்ந்தான். "அண்ணே, எத்தனை பாயிண்ட்?" என்று கேட்டான். சொன்னோம். ஒரு நிமிடம் கழித்து அதையே கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். "பொறி கலங்கிவிட்டது, தலையில் தண்ணீர் ஊற்று" என்றார் ஒருவர். ஊற்றினார்கள். அடுத்த பாட்டுக்கு அவனையே அனுப்பினார்கள். "அடிபட்டும் அசராத வீரன்" என்று மைக்கில் முழங்கினேன் நான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வேன்.

விடியும் வரை அவனுக்கு வாந்தி. கடலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனாலும் மூன்று வாரம் வெளிச்சம் பட்டால் தலை வலித்தது, படித்த பாடம் மனதில் நிற்கவில்லை. அவனுடைய அம்மா மருத்துவர் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினார். "ஒன்றும் இல்லை என்கிறார்கள், இதில் என்னவோ எழுதியிருக்கிறது. இது என்ன வியாதி தம்பி?" சீட்டில் இருந்த சொல் கன்கஷன். அதைத் தமிழில் அவருக்குச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

கன்கஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். 'குவாதெரே' என்றால் உலுக்குவது. அதன் முன் 'கொன்' சேர்ந்தால் பலமாக, ஒருசேர உலுக்குவது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'கொன்குஸ்ஸியோ'. மூலச் சொல்லில் ரத்தமும் இல்லை, உடைவும் இல்லை. உலுக்கல் மட்டுமே இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் திகைத்துப் போனார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா அவர். "தம்பி, பிரெஞ்சில் கொங்க்யூசியோன் என்றால் அதிகாரி மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். தலையில் பட்ட அடிக்கு நாங்கள் கொமோசியோன் செரெப்ரால் என்றுதான் சொல்வோம்" என்றார். அவர் சொன்னது சரி. ரோமானியச் சட்டத்திலேயே இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டு: ஆளை உலுக்கிக் காசு பிடுங்குவது. பிரெஞ்சு மொழி அதை நீதிமன்றத்துக்கு வைத்துக்கொண்டு, மருத்துவத்துக்கு 'அசைத்தல்' என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வேரை எடுத்துக்கொண்டது. ஆங்கிலமோ உலுக்கலை மருத்துவத்துக்கு எடுத்துக்கொண்டது. வேர்கள் இரண்டானாலும் இரண்டு மொழிகளும் தலைக்குள் நடக்கும் அசைவைத்தான் பிடித்திருக்கின்றன.

தலைக்குள் நடப்பதும் அதுதான். மண்டையோட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது. முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் ஆடுவது கேட்கிறதல்லவா, ஓடு ஆடாமல் நின்ற பிறகும் உள்ளே இருப்பது ஒரு கணம் ஆடும். ஓடிவந்த தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை உடனே நிற்பதில்லை. அது முறுக்கிக்கொள்ளும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன, உயிரணுக்களின் வேலை நிலைகுலைகிறது. எதுவும் உடைவதில்லை, பெரும்பாலும் ரத்தக் கசிவும் இருப்பதில்லை. ஸ்கேன் சுத்தமாக வருவது அதனால்தான். தலையில் அடியே படாமல், மார்பில் மோதிய வேகத்தில் தலை வெட்டி இழுத்தாலும் இது வரும். ஹெல்மெட் மண்டை பிளக்காமல் காக்கும். உள்ளே இருக்கும் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நாளிதழ்களில் அதிகம் தென்படுவது 'மூளை அதிர்ச்சி'. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதிர்ச்சி என்பது இன்று மனத்துக்குப் போய்விட்ட சொல். விலை ஏறினால் மக்கள் அதிர்ச்சி, தேர்தலில் தோற்றால் கட்சி அதிர்ச்சி. அந்தச் சொல்லைக் கேட்கும் தாய், பையன் பயந்துவிட்டான், தேறிவிடுவான் என்று நினைத்துக்கொள்வார். 'மூளை அதிர்வு' அதைவிட மேல்தான், ஆனால் பறையும் தரையும் அதிர்வதுபோல் விடாமல் தொடரும் ஒன்றை அது நினைவூட்டுகிறது. 'மயக்கம்' மிக ஆபத்தான மொழிபெயர்ப்பு. மூளை குலுங்கியவர்களில் பெரும்பாலோர் சுயநினைவை இழப்பதே இல்லை. மயங்கி விழவில்லையே, ஒன்றும் இல்லை என்று களத்தில் சொல்லப்படும் தவறுக்கு இந்தச் சொல்லே வாசல் திறக்கிறது.

நம் ஊர்க்காரர் வாயில் வந்த 'பொறி கலங்குதல்' அழகான, பழைய வழக்கு. ஐம்பொறி என்னும்போது வரும் அதே பொறி. கண்ணும் காதும் தம் வேலையைத் தவறவிட்டன என்று பொருள். அறிகுறியை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வழக்கு வேறு மொழிகளில் இருக்குமா என்று வியக்கிறேன். ஆனால் அறைந்தால் பொறி கலங்கும் என்று மிரட்டலுக்கும் வேடிக்கைக்கும் பயன்பட்டுப் பயன்பட்டு, அது காயம் என்ற எண்ணமே தேய்ந்துவிட்டது.

நான் பரிந்துரைப்பது 'மூளைக்குலுக்கம்'. இது நான் படைத்த சொல் அல்ல, முன்பே சிலர் எழுதியதுதான். கலங்கு கலக்கம் ஆகிறது, நடுங்கு நடுக்கம் ஆகிறது, மயங்கு மயக்கம் ஆகிறது. அதே வழியில் குலுங்கு குலுக்கம் ஆகிறது. பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்கள் குலுங்குவதைப் பார்த்த யாருக்கும் இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். அந்த அம்மாவுக்கும் தேவைப்படாது.

நம் ஆட்கள் கன்கஷன் என்ற சொல்லைப் பரவலாகக் கேட்டது கிரிக்கெட்டில். 2019 ஆகஸ்டில் சர்வதேசக் கிரிக்கெட்டில் இதற்கென மாற்று வீரர் விதி வந்தது. அதே மாதம் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியேறியவர் திரும்பி வந்து ஆடினார். மறுநாள்தான் அவர் விலகி, லபுஷேன் மாற்றாக இறங்கினார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதில் சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தபோது, டீக்கடைகளில் இது நியாயமா என்றுதான் வாதம் நடந்தது. அடிபட்ட தலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒருமுறை குலுங்கினால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். ஆறுவதற்குள் மறுபடி அடிபட்டால் இளம் மூளை சட்டென்று வீங்கி உயிரே போகலாம். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் குலுங்கினால் வருவது வேறு: மூளையே மெல்லச் சிதையலாம். குத்துச்சண்டை வீரர்கள் குடிகாரர்போல் தள்ளாடுவதை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் 2002-இல் பென்னட் ஒமாலு கண்டது அந்த வகைச் சிதைவைத்தான். 2017-இல் வெளியான ஆய்வில், அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-இல் அது இருந்தது. அவை பெரும்பாலும் சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள், ஆகவே எல்லா வீரர்களுக்கும் அந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது. ஆனால் 2019-இல் ஸ்காட்லாந்தில் முன்னாள் கால்பந்து வீரர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டபோதும், மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. அதனால் 2020-இல் அங்கே 12 வயதுக்குட்பட்டோர் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டுவதை நிறுத்தினார்கள். மோதல் ஆட்டங்கள் அழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பயிற்சியில் வாங்கும் அடி குறையும், வயது வரம்பு வரும், குலுங்கியவருக்கு மாற்று வரும். இவை வராத ஆட்டத்துக்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். கபடியின் மீது உயிரை வைத்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் 1995-இல் மாடாக்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் களத்தில் கேட்க ஐந்து கேள்விகளைச் சோதித்து வெளியிட்டார்கள். அவற்றை நம் திடலுக்கு ஏற்ப எழுதி மைக் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இது எந்த ஊர்த் திடல்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி பாயிண்ட் யார் எடுத்தது? இதற்கு முன் எந்த அணியோடு ஆடினாய்? அதில் ஜெயித்தீர்களா? ஒன்று தவறினாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. எல்லாம் சரியாகச் சொல்லியும் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு இருந்தால் அப்போதும் கிடையாது.

சித்திரையில் பண்ருட்டிப் பக்கம் நடந்த போட்டியில் ஒரு பையன் மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டான். "மூளைக்குலுக்கம், வெளியே வா" என்று மைக்கில் சொன்னேன். அவன் அணித் தலைவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். கூட்டத்திலிருந்த ஒரு பெரியம்மா எழுந்து, "மூளை குலுங்கியிருக்கிறது என்று சொல்கிறார், காதில் விழவில்லையா?" என்று அவரை அதட்டினார். பையனின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.