வட்டமிடுகணை

உக்ரேன் போர்ச் செய்திகளில், வானில் காத்திருந்து இலக்கின்மீதே பாய்ந்து வெடிக்கும் ஒரே கருவி ‘தற்கொலை ட்றோன்’, ‘காமிகாசி ட்றோன்’, ‘சுற்றித்திரியும் ஆயுதம்’ என்று பலவாறு எழுதப்படுகிறது. இவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

ட்றோன் என்பது ஆங்கிலத்தில் ஆண் தேனீ. பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்காக 1935 இல் பிரித்தானியா வானொலி அலையால் இயக்கிய ஆளில்லா விமானத்தின் பெயர் ‘குயின் பீ’, அதாவது இராணித் தேனீ. அதையொட்டியே அமெரிக்கக் கடற்படை தன் இலக்கு விமானங்களை ட்றோன் என்று அழைத்தது என்பர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வேவு விமானத்தை நாங்கள் ‘வண்டு’ என்றோம். அது மொழிபெயர்ப்பன்று; முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாத ஒன்றின் ஓயாத இரைச்சல் தந்த பெயர். வண்டு பார்த்துச் சொல்லும், எறிகணையோ கிபிர் போர்விமானமோ வந்து அடிக்கும். இன்றைய கருவியிலோ பார்ப்பதும் அடிப்பதும் ஒன்றே.

அதன் ஆங்கிலப் பெயர் ‘லொய்ற்றரிங் மியூனிசன்’. ‘லொய்ற்றர்’ என்பது பொதுவழக்கில் வேலையின்றிச் சுற்றி நிற்பதைக் குறித்தாலும், விமானவியலில் ஓரிடத்தின் மேலே பறந்தபடி காத்திருப்பதையே குறிக்கும். இந்தக் காத்திருப்புக்குக் காரணமுண்டு: ராடாரைத் தேடி வரும் ஏவுகணையை, ராடாரை அணைத்துவிட்டுக் குறிதப்ப வைக்கலாம், ஆனால் 1980களில் இஸ்ரேல் உருவாக்கிய ஹார்ப்பி, ராடார் மீண்டும் இயங்கும்வரை வானில் நின்று, பின்னர் அதன்மீதே பாய்ந்து வெடிக்கும். குண்டை எறிந்துவிட்டுத் தளம் திரும்பும் துருக்கியின் பைரக்தார் இவ்வகையன்று. முன்பே குறித்துக் கொடுத்த இடத்தை நோக்கிப் பறக்கும் ஈரானின் ஷாஹெட்-136 கூடக் கண்டிப்பாகப் பார்த்தால் இதில் அடங்காது.

தன்னுயிரைக் கொடுப்பவர் எவருமில்லாத கருவிக்குத் ‘தற்கொலை’ என்ற அடை பிழை. உயிரோடு சென்று மோதிய ஜப்பானிய விமானிகளின் ‘காமிகாசி’ என்ற பெயரும் அவ்வாறே. ‘சுற்றித்திரிதல்’ நோக்கமின்மையைக் காட்டுகிறது. கோழிக்குஞ்சுக்கு மேலே பருந்து வட்டமிடுவதில் நோக்கம் இருக்கிறது, காத்திருப்பும் இருக்கிறது. கணை என்பது அம்பைக் குறிக்கும் பழஞ்சொல். ஏவுகணை, எறிகணை என்ற வினைத்தொகைகளாக அது நம் நாவில் முன்பே பழகிவிட்டது. அவற்றின் வரிசையில் ‘வட்டமிடுகணை’ இயல்பாக நிற்கும். ‘உலவுகணை’ சுருக்கமானதுதான், ஆயினும் உலவுதலில் குறி இல்லை.

வந்தது எவ்வகை என்று தெரியாத செய்தியில் மட்டும் ‘ஆளில்லா விமானம்’ என்று எழுதினால் போதும்.