கையெழுத்து வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்ததா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது என் வேலை. "அடுத்த வாரம் ஆடிட் இருக்கு சார், ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துடுங்க" என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் நானும் சரி என்று போய்விடுவேன்.

அப்படி ஒரு வகுப்பு முடிந்து 40 பேரும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாயிற்று. கழிவுநீர்த் தொட்டியில் வேலை பார்க்கும் ஒருவர் வாசலில் நின்று கேட்டார்: "சார், நாத்தம் நின்னுட்டா இறங்கலாம் இல்ல?" எனக்குக் கை கால் ஓடவில்லை. அதுவரை நான் பேசியதே அந்த நாற்றத்தைப் பற்றித்தான்.

தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தத் தண்ணீரோடு பிக்கிள் டிரம்மின் (தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைக்கும் டிரம்) அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

அன்றிலிருந்து தேதி கொடுக்கும் முன் ஒரு ஷிப்ட் முழுக்க உள்ளே நின்று பார்க்கிறேன். மேஸ்திரியிடம், "ஆறு மாசத்துல எங்க தப்பு நடந்தது?" என்று கேட்பேன். பயிற்சியின் பாதித் திட்டம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். அப்புறம் பெயர்ப் பட்டியல். தொட்டியில் இறங்குகிறவர்கள் பல இடங்களில் காண்ட்ராக்ட் ஆட்கள், எச்.ஆர். தரும் பட்டியலில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். பீகாரிலிருந்து வந்த தம்பிகளுக்குத் தமிழில் வகுப்பெடுத்து என்ன பயன்? நேரமும் முக்கியம். ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் எல்லோர் கண்ணும் வாசலில் நிற்கும் கம்பெனி வேன் மேல்தான் இருக்கும். வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடத்தச் சொல்கிறேன்.

இப்போது புரொஜெக்டர் கிடையாது. ஐந்தைந்து பேராகத் தொட்டியோரம் நிற்கிறோம். வாயுவை அளக்கும் மீட்டரின் குழாயை மேலிருந்தே அடிவரை விட்டுக் காட்டுவேன். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் செய்துகாட்ட வேண்டும், ஏன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேலே நிற்கிறவர், இறங்குகிறவரைக் கட்டிய கயிற்றை விடக்கூடாது, எது நடந்தாலும் தானும் இறங்கக்கூடாது. மேஸ்திரிக்கும் இதே பயிற்சிதான்.

பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் அளக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு மாறியதா. நம் கம்பெனிகள் பலவும் முதல் நிலையோடு, கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதைப் பார்க்க, ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போகிறேன்.

சமீபத்தில் அப்படி ஓர் இரவு ஷிப்டுக்குப் போயிருந்தேன். மீட்டரில் சார்ஜ் இல்லை. இறங்க வேண்டிய பீகார்த் தம்பி மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோரிலிருந்து வேறு மீட்டர் வர முக்கால் மணி நேரம் ஆனது. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இறங்கச் சொல்லவில்லை.