“அரசாங்கப் பத்திரம்தானே தம்பி, எப்படிக் குறையும்?”

2022 ஜூன் மாதம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கணக்குத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் போட்ட பத்து லட்சம், ஒன்றரை வருடம் கழித்துப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பங்குச் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அவர் போட்டது பத்து வருட அரசுப் பத்திரங்களை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கி எழுதித் தரும் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு மியூச்சுவல் ஃபண்டில். “அரசாங்கம் ஒண்ணும் திவாலாகலையே, எப்படித் தம்பி குறையும்?” என்றார்.

இதில் என் தப்பும் உண்டு. அரசாங்கம் அசலையும் வட்டியையும் தந்துவிடும் என்று சொல்லியிருந்தேன், அது உண்மைதான். நடுவில் விலை ஆடும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. 2019, 2020 இரண்டு ஆண்டுகளிலும் இந்த வகை ஃபண்டுகள் பத்து சதவீதத்தைத் தாண்டி லாபம் தந்திருந்தன. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் வந்தார். வட்டி இறங்கிக்கொண்டே இருந்ததால் வந்த லாபம் அது, திரும்பினால் அதே வேகத்தில் அடிக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் என்பதால் தாளின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். நூறு ரூபாய்ப் பத்திரம், வருடம் ஆறு ரூபாய் வட்டி. இந்த ஆறு மாறவே மாறாது. நாளைக்கு அரசாங்கம் ஏழு ரூபாய் வட்டிக்குப் புதுப் பத்திரம் விற்றால், உங்கள் ஆறு ரூபாய்ப் பத்திரத்தை நூறு கொடுத்து யார் வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் போகும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது, இன்னும் எத்தனை வருடம் பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வருடம்தான் பாக்கி என்றால் 99 ரூபாய்க்குப் போய்விடும். பத்து வருடம் என்றால் 93. முப்பது வருடம் என்றால் 88கூட வராது. ஒரே அரசாங்கம், ஒரே உத்தரவாதம்தான். ஆனால் வருடம் கூடக் கூட அடி பலமாகிறது.

அப்படி வாங்குகிறவருக்கு, கொடுத்த விலையில் கணக்கிட்டால் கடைசிவரை கிடைக்கும் வருமானத்தைத்தான் ‘யீல்டு’ என்கிறார்கள். விலை இறங்கினால் யீல்டு ஏறும். “பத்திர யீல்டு உயர்வு” என்று செய்தியில் வந்தால், ஏற்கெனவே பத்திரம் வைத்திருப்பவர் கையில் விலை குறைந்திருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.

சரி, 2022-ல் என்ன நடந்தது? கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் சில நாள் கைமாற்றுக்கான ‘ரெப்போ’ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கி இரண்டு வருடம் அங்கேயே வைத்திருந்தது. உக்ரைன் போர் தொடங்கியது, கச்சா எண்ணெய் விலை ஏறியது, ஏப்ரல் மாதப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திருக்காமல், ரெப்போவை 4.40 ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் அது 6.50. ஆனால் பத்திரச் சந்தை அதுவரை காத்திருக்கவில்லை. 2020 கடைசியில் ஆறுக்குக் கீழே இருந்த பத்து வருட யீல்டு, 2022 ஜூனிலேயே ஏழரையைத் தொட்டுவிட்டது. தலைமையாசிரியர் என் முன்னால் உட்கார்ந்திருந்தது அந்த உச்சத்தில்தான்.

ரெப்போவை ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும். பத்து வருட யீல்டை யாரும் அறிவிப்பதில்லை. பணவீக்கம் எங்கே போகும், அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கும், ரெப்போ இன்னும் எத்தனை முறை மாறும் என்று ஆயிரம் பேர் போடும் மனக்கணக்கு அது. அதனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில்கூடப் போகும். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கியது. கூடவே, வட்டிக் குறைப்புப் பக்கம் சாய்ந்திருந்த தன் நிலைப்பாட்டையும் நடுநிலைக்கு மாற்றியது. இனிமேல் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள் என்று சந்தை அதைப் படித்தது. யீல்டு இறங்கவில்லை, ஏறியது. ஆகஸ்ட் கடைசியில் 6.6 பக்கம் வந்துவிட்டது. அமெரிக்காவிலும் 2024 செப்டம்பரில் வட்டியைக் குறைத்த பிறகு நான்கே மாதத்தில் பத்து வருட யீல்டு ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறியது. “வட்டி குறையப் போகிறது, நீண்ட காலப் பத்திர ஃபண்டில் போடு” என்று யாராவது சொன்னால், எந்த வட்டி என்று கேளுங்கள்.

வீட்டுக் கடன்காரருக்கு ரெப்போதான் முக்கியம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் அதோடு கட்டப்பட்டவை. யீல்டு தொடும் இடங்கள் வேறு. நடுவண் அரசு 2025-26-ல் 14.82 லட்சம் கோடி ரூபாய் கடன் திரட்டத் திட்டமிட்டது. பட்ஜெட்டின் ஒவ்வொரு ரூபாயிலும் சுமார் 20 காசு பழைய கடனுக்கு வட்டியாகவே போகிறது. யீல்டு ஏறினால் அந்தக் காசு கூடும், சாலைக்கும் பள்ளிக்கும் மிஞ்சுவது குறையும். செவ்வாய்க்கிழமைகளில் ஏலத்துக்கு வரும் தமிழ்நாடு அரசின் பத்திரங்களுக்கும் நடுவண் அரசின் யீல்டுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் வட்டி. தொழிற்சாலை கட்டக் கடன் வாங்கும் கம்பெனிக்கு அதற்கும் மேலே.

வங்கிகளும் தப்புவதில்லை. டெபாசிட் பணத்தைக் குறைந்த வட்டி நீண்ட காலப் பத்திரங்களில் முடக்கிய அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, தன் பத்திரங்களில் ஒரு பகுதியை விற்றதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று 2023 மார்ச் 8 அன்று அறிவித்தது. மார்ச் 10 அன்று அந்த வங்கியே இல்லை. அவர்கள் வைத்திருந்ததும் பெரும்பாலும் அரசாங்க உத்தரவாதப் பத்திரங்கள்தான்.

தலைமையாசிரியர் அன்றைக்கே விற்றுவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆறு சதவீதச் சொச்சத்துக்கு ஐந்து வருட டெபாசிட் போட்டார். ஒரு வருடத்துக்குள் மூத்த குடிமக்களுக்கான புது டெபாசிட்டுகள் ஏழரைக்குப் போயின. வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது பத்திரத்தில் நுழைந்தார், ஏறி முடிவதற்குள் டெபாசிட்டில் கட்டிப்போட்டுக்கொண்டார். இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்களை அந்த ஒரு வருடத்தில் நிறையப் பார்த்தேன்.

அதற்கப்புறம் பத்திர ஃபண்டு கேட்டு வருகிறவரிடம், பணம் எந்த வருடம் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன். பிறகு ஃபண்டின் மாதாந்திரத் தகவல் தாளை எடுத்து, ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்ற வரியைத் தேடச் சொல்வேன். அதில் 7 என்று இருந்தால், யீல்டு ஒரு சதவீதம் ஏறும்போது போட்ட பணத்தில் ஏறக்குறைய ஏழு சதவீதம் இறங்கும். மூன்று வருடத்தில் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணம் என்றால், அந்த எண் மூன்றைத் தாண்டக் கூடாது. பக்கத்திலேயே கடந்த ஒரு வருட லாபம் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் தாளை நீட்டுகிறேன்.