‘பெனின் வெண்கலச் சிலைகள்’ என்று எழுதலாமா?

போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் ‘பெனின் வெண்கலச் சிலைகள்’ என்று படித்தேன். மூன்று சொல்லிலும் சிக்கல்.

பெனின் என்றதும் அந்தப் பெயருள்ள நாடுதான் நினைவுக்கு வரும். தகோமே என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடு 1975இல்தான் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. இந்தப் பொருள்கள் நைஜீரியாவின் பெனின் நகரத்தவை. எடோ மக்களின் அரசுக்குரியவை. 1897இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைக் கொள்ளையடித்து அள்ளிச் சென்றவை.

சரி, வெண்கலம்? இத்தாலிய ‘புரோன்சோ’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், கலைச்சந்தையில் எந்தச் செப்புக் கலவைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. தமிழில் அந்தக் குழப்பம் தேவையே இல்லை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. பொங்கல் வைக்கும் வெண்கலப் பானையையும் பித்தளைக் குடத்தையும் எங்கள் வீட்டில் யாரும் மாற்றிச் சொன்னதில்லை. பெனின் வார்ப்புகளில் பெரும்பாலானவை பித்தளை. ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த ‘மனில்லா’ என்ற வளையக் காசுகளை உருக்கி வார்த்தார்கள். அந்த உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்துத் தாதுவோடு பொருந்துவதாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘வெண்கலம்’ என்று எழுதினால் இந்த வணிக வரலாறே கைநழுவிப் போகிறது. வெண்கலம் என்றால்தான் கம்பீரம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். பித்தளை தாழ்ந்தது என்பது நம் ஊர் நினைப்பு. எடோ அரசில் அது அரச உலோகம். வார்ப்போர் மன்னருக்காகவே வார்த்தார்கள்.

‘சிலை’யும் பாதிதான் சரி. நூற்றுக்கணக்கானவை அரண்மனைத் தூண்களில் பதித்த புடைப்புத் தகடுகள். தந்தச் செதுக்கல்களும் அதே கொள்ளையில் போயின.

எடோ மக்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று அருங்காட்சியகங்கள் வெகுகாலம் கேட்கவே இல்லை. 2022இல் வெளிவந்த ‘டிஜிட்டல் பெனின்’ இணையத் தொகுப்பில்தான் நைஜீரிய, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து உழைத்து, 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் சிதறிக்கிடக்கும் 5,000க்கும் மேற்பட்ட பொருள்களை ஒன்றுசேர்த்து, எடோ பெயர்களையும் கொடுத்தார்கள். வெறும் ‘தலை’ என்று சீட்டு ஒட்டியிருந்தது ‘உஹுன்முன் எலாவ்’ ஆயிற்று: மறைந்த மன்னருக்காக வாரிசு பீடத்தில் வைக்கும் முன்னோர் தலை. ‘சா-எ-யாமா’ என்ற எடோ வினைக்கு நினைவுகூர்தல் என்று பொருள். நேர்ப்பொருளோ உலோகத்தில் உருவம் வார்த்தல்!

அதனால் நான் ‘பெனின் அரச வார்ப்புகள்’ என்றே எழுதுகிறேன். வார்ப்பு என்ற சொல்லில் அந்த வினையும் கேட்கிறது. உலோகம் தெரிந்த இடத்தில் பித்தளை, தெரியாத இடத்தில் செப்புக்கலவை. தந்தமும் சேர்ந்தால் ‘பெனின் அரண்மனைப் பொருள்கள்’. பொருளின் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாலே தகடா சிலையா என்று தெரிந்துவிடும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில அகராதியை மட்டும் திறக்கிறார்கள்.