ட்ரபிக்: போக்கு எது, வரத்து எது

2024 செப்டெம்பர் 21. ஜனாதிபதித் தேர்தல் முடிந்த இரவு. பத்து மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டாயிற்று. வவுனியாவில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையில், முடிவுகளை இணையத்தில் நேரலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு வாகனம் இல்லை. சனம் எல்லாம் வீட்டுக்குள், கையில் போனோடு. தபால்மூல வாக்கு முடிவுகள் வரத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எங்கள் படம் நின்று, திரையின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. கணினிக்கு முன்னால் இருந்த தம்பி திரும்பிச் சொன்னான்.

"அண்ணை, ட்ரபிக் கூடிட்டுது."

"எது கூடினது? பாக்கிற ஆக்களோ, போற டேட்டாவோ?"

"ரெண்டுக்கும் ட்ரபிக் எண்டுதானே சொல்லுறது."

அவன் சொன்னது சரிதான். வழங்கியை, அதாவது படத்தை வைத்துக் கேட்பவர்களுக்கு அனுப்பும் சேவர் கணினியை, வாடகைக்குத் தந்தவரை அழைத்தபோது அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார்: "உங்கட ட்ரபிக்குக்கு அளவே இல்லையே, அப்பிடித்தானே தந்தனாங்கள்." மூன்று பேர், ஒரே சொல், மூன்று வெவ்வேறு பொருள். தம்பி சொன்னது பார்ப்பவர்களின் எண்ணிக்கை. நான் கேட்டது அந்த நொடியில் வெளியே பாயும் தரவின் வேகம். வாடகைக்காரர் சொன்னது ஒரு மாதத்தில் மொத்தமாகப் போகக்கூடிய தரவின் அளவு. அன்றிரவு எங்களைக் கவிழ்த்ததில் பாதிப் பங்கு இந்தச் சொல்லுக்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

சொல்லின் கதையைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியத்திலிருந்து வந்தது; அங்கே 'ட்ராஃபிக்கோ' என்றால் வணிகம். அதற்கும் அப்பால் வேர் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. முதலில் அது கொடுக்கல் வாங்கல். பிறகு வணிகத்துக்காகப் பொருள்களைக் கொண்டுபோதல். அதற்குப் பிறகுதான் வீதியில் ஓடும் வண்டிகளும் ஆட்களும். பழைய வணிகப் பொருளின் கெட்ட பக்கம் மட்டும் தனியே நின்றுவிட்டது. போதைப்பொருளையும் ஆட்களையும் கடத்துவதற்கு ஆங்கிலத்தில் இன்றும் இதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள்.

வீதியிலிருந்து கம்பிக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனவை தந்தியும் தொலைபேசியும். அதைக் கணக்காக்கிக் காட்டியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த அக்னர் கிராருப் ஏர்லாங். இத்தனை பேர் அழைக்கும் ஊருக்கு எத்தனை இணைப்பு வேண்டும், அழைப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதை அவர் நிகழ்தகவைக் கொண்டு கணித்தார். 1909இல் அதைப் பற்றிய முதல் கட்டுரை வந்தது. தொலைபேசிச் சுமையை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஓர் இணைப்பு இடைவிடாமல் பிடிபட்டிருந்தால் அது ஓர் ஏர்லாங்.

அவருடைய கணக்கின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: அழைப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல், அவரவர் தேவைக்கு அழைக்கிறார்கள். சாதாரண நாளில் இது பொருந்தும். தேர்தல் இரவில் பொருந்தாது. அன்று எல்லோரையும் அழைக்க வைப்பது ஒரே செய்தி. இதற்குப் பிறகு வருவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். அகராதியைத் திறந்தால் 'போக்குவரத்து' என்று கிடைக்கும். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் இ.போ.ச. பஸ்தான் நினைவுக்கு வரும். 'இலங்கை போக்குவரத்துச் சபை' என்பதன் நடுச்சொல் அது. அதனால் சேவருக்கு அதைச் சொன்னால் ஒட்டவில்லை என்று பலர் விட்டுவிட்டு ட்ரபிக் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

போ என்பதிலிருந்து போக்கு. வா என்பதிலிருந்து வரத்து. திருவாசகத்தின் சிவபுராணம் இறைவனைப் 'போக்கும் வரவும்' இல்லாதவன் என்கிறது; இணை அவ்வளவு பழையது. குறளில் வருவாயின் வழிக்கு 'ஆகாறு' என்றும் செலவின் வழிக்குப் 'போகாறு' என்றும் பெயர். ஆகாறு சிறிதானாலும் கேடில்லை, போகாறு அகலாமல் இருந்தால் என்பது 478ஆம் குறள். பேச்சில் இன்னும் அழகு: "அவையளோட எங்களுக்குப் போக்குவரத்து இல்லை" என்றால் உறவு விட்டுப்போயிற்று, வீட்டுக்குப் போவதுமில்லை, அவர்கள் வருவதுமில்லை என்று பொருள். இந்தச் சொல்லில் பஸ் எங்கே இருக்கிறது? இரண்டு பக்க நடமாட்டம் மட்டும்தான் இருக்கிறது.

வரத்து தனியாகவும் உயிரோடு இருக்கிறது. சந்தையில் "இண்டைக்கு மரக்கறி வரத்துக் குறைவு" என்பார்கள். அங்கே அது வணிகச் சொல், ட்ரபிக் பிறந்த இடத்துக்கே பக்கத்தில். அதைவிட அடிக்கடி கேட்பது குளக்கட்டில். கார்த்திகை மார்கழியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால், வருகிறவர் எவரும் முதலில் கேட்பது "வரத்து எப்பிடி?" என்பதுதான். கனகராயன் ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது என்பது கேள்வி. குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்பது வேறு கேள்வி, அதை அடிக்கணக்கில் சொல்வார்கள். நீரைத் திறந்துவிடும் துருசு வழியாக வாய்க்காலுக்கு எவ்வளவு போகிறது என்பது மூன்றாவது. மிஞ்சிய நீரை வெளியேற்றும் வான்கதவு திறந்தாயிற்றா என்பது நான்காவது. இந்த நான்கையும் ஒரே சொல்லால் ஒரு கமக்காரனும் கேட்கமாட்டான். கேட்டால் பயிர் அழியும்.

இணைய வழங்கியிலும் இவை தனித்தனியானவை. நேரலை எப்படிப் போகிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும். பெரும்பாலான முறைகளில் காணொளி ஒரே தாரையாக ஓடுவதில்லை. ஆறு செக்கன் அளவான துண்டுகளாக வெட்டி வைக்கப்படுகிறது. உங்கள் போன் வழங்கியிடம் "அடுத்த துண்டு தா" என்று கேட்கிறது, துண்டு வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கேட்கிறது. நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் உங்கள் போன் அறுநூறு தடவை கையேந்துகிறது. ஒரு கேள்வியின் எடை ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கும். செக்கனுக்கு ஒரு மெகாபிட் அளவான சாதாரணப் படமானால், பதிலாகப் போகும் துண்டு 750 கிலோபைட் (எட்டு பிட் ஒரு பைட்). அதாவது வரத்து ஒரு கை, போக்கு ஒரு வண்டி.

இப்போது அந்த வாடகைக்காரரின் 'அளவில்லாத ட்ரபிக்'கைப் பாருங்கள். எங்களுக்கு இருந்த இணைப்பு செக்கனுக்கு 100 மெகாபிட். மாதம் முப்பது நாளும் அதை நிறுத்தாமல் ஓடவிட்டால் 32 டெராபைட்டுக்கு மேல் போகும். பெரிய தொகைதான். ஆனால் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் அந்தப் படத்தைத் தடங்கலின்றிப் பார்க்க முடியாது. நூற்றியோராவது ஆள் வந்ததும் அவருக்கு மட்டும் தடை விழாது, எல்லோருக்கும் படம் தடுமாறும். வாடகைக்காரர் பொய் சொல்லவில்லை, மொத்தத்தைச் சொன்னார். எங்களுக்குத் தேவைப்பட்டது வேகம். குளத்தில் நிறையத் தண்ணீர் இருக்கிறது என்பதும் துருசு எவ்வளவு அகலம் என்பதும் ஒன்றல்ல என்று ஊரில் வளர்ந்த எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

தேர்தல் இரவின் வரத்துக்கு ஒரு வடிவம் உண்டு. வாக்களிப்பு பிற்பகல் நான்கு மணிக்கு முடிந்ததும் மெதுவாக ஏறும். பிறகு மேடு. தபால்மூல முடிவு வரும்போது முதல் கூர்முனை. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என மூன்று தொகுதிகள். ஒவ்வொன்றின் முடிவுக்கும் ஒரு கூர்முனை. (கிளிநொச்சி நிலத்தால் வன்னி, தேர்தலால் யாழ்ப்பாண மாவட்டம். அந்த முடிவுக்காகக் காத்திருக்கும் வன்னி ஆட்கள் அந்த நேரத்தில் வருவார்கள், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.) முடிவுகளுக்கு இடையில் சனம் போய்விடும், தேத்தண்ணி குடிக்கும், கொஞ்சம் படுக்கும். யாரோ "வந்திட்டுதாம்" என்று ஒரு செய்தி அனுப்ப, எல்லோரும் ஒரே நிமிடத்தில் திரும்புவார்கள். 2024 செப்டெம்பரில் இன்னொன்றும் நடந்தது. எவரும் பாதிக்கு மேல் பெறாததால் இலங்கையில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். எல்லாம் வடிந்துவிடும் என்று எண்ணிய 22ஆம் திகதி பகலில், எவரும் எதிர்பாராத இரண்டாம் மேடு எழுந்தது.

இந்தக் கூர்முனைக்குள் ஒரு கெட்ட குணமும் இருக்கிறது. படம் நின்றால் சனம் போய்விடுவதில்லை, பக்கத்தைப் புதுப்பிக்கும். ஒரு தரம், இரண்டு தரம், பிள்ளையின் போனிலும் ஒரு தரம். ஆள் கூடாமலே வரத்து கூடுகிறது. சுமை தாங்காமல் நின்ற வழங்கிக்குச் சுமை இன்னும் ஏறுகிறது. அன்றிரவு எங்கள் வரைபடத்தில் வரத்துக்கோடு நெட்டுக்குத்தாக ஏற, போக்குக்கோடு கூரையில் தலை இடித்ததுபோல் தட்டையாக நின்றது. அந்த இரண்டு கோடுகளும் அப்படிப் பிரிந்து நிற்பதுதான் வழங்கி திணறுகிறது என்பதற்கு அடையாளம். இரண்டுக்கும் ட்ரபிக் என்றே பெயர் வைத்திருந்ததால் நாங்கள் ஒரு கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான் எழுதுவது இப்படி. வழங்கிக்கு வரும் கோரிக்கைகள் வரத்து. வழங்கியிலிருந்து வெளியேறும் தரவு போக்கு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல இணையப் போக்குவரத்து. மாதத்தில் போன மொத்தம் போக்கின் அளவு, செக்கனுக்குப் போவது போக்கின் வேகம். ஒரே நேரத்துத் திடீர் ஏற்றத்துக்கு 'வரத்து வெள்ளம்' எனக்குப் பிடிக்கும். சிலர் 'நெரிசல்' என்கிறார்கள். அது வேறு, வரத்து தாங்காமல் போனபின் நடப்பது. சேவருக்குச் 'சேவையகம்' என்றும் எழுதுகிறார்கள். கேட்டதை வழங்குவதால் 'வழங்கி'யே நெருக்கம்.

குளத்தோடு இந்த ஒப்புமை ஓர் இடத்தில் அறும், அதையும் சொல்ல வேண்டும். குளம் கொடுத்தால் குறையும். வழங்கி எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் துண்டு அங்கேயே இருக்கும், போவது நகல். அதனால்தான் ஒரு வழி இருக்கிறது: நகலைப் பல ஊர்களில் இருக்கும் கிளை வழங்கிகளில் வைத்துவிடலாம். தாய் வழங்கியிடம் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கிளையும் ஒரு தரம் கேட்கும். அதற்குக் கீழே ஆயிரம் பேர் கேட்டால் கிளையே கொடுக்கும். கட்டுக்கரைக் குளத்திலிருந்து மன்னாரின் சிறு குளங்களுக்குத் தண்ணீர் இறங்கி, அந்தந்த ஊர் வயல் அந்தந்தக் குளத்தில் பாய்வதைப் போல.

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு அப்படித்தான் செய்தோம். வரைபடத்தில் இரண்டு கோடு, இரண்டு நிறம், இரண்டு பெயர். தம்பியே தமிழில் தட்டி வைத்தான். அன்றிரவு மழை. மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய பயம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு நான் சுவரோடு சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். அவன் தோளில் தட்டினான்.

"அண்ணை, வரத்துக் குறைஞ்சிட்டுது. போக்குக் குறையேல்லை."

பாதித் தூக்கத்திலும் எனக்கு விளங்கியது. ஊரில் சனம் படுத்துவிட்டது. ஆனால் ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் பிற்பகல் மூன்றரை, லண்டனில் இரவு எட்டரை. வேலையால் வந்த எங்கள் ஆட்கள் போனில் பார்க்கவில்லை. கூடத்துப் பெரிய தொலைக்காட்சியில் போட்டுவிட்டு வீடாக இருந்து பார்க்கிறார்கள். கேட்கும் தடவைகள் குறைவு, கேட்கும் படமோ செக்கனுக்கு ஐந்து மெகாபிட். ஒரு கூடம் ஐந்து போனுக்குச் சமம்.

"என்ன செய்வம்?"

"ஒண்டும் செய்யாதை. கிளை தாங்குது தானே. முல்லைத்தீவு வந்திட்டுதோ எண்டு பார்."