வைஃபை, அருகலை

வைஃபைக்கு விரிவு கேட்டால் ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’ என்று சட்டெனப் பதில் வரும். பல பொது அறிவுப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அதற்கு விரிவே கிடையாது. அது விற்பனைக்காக வைத்த பெயர்.

1999 வரை அந்தத் தொழில்நுட்பத்துக்கு இருந்த பெயர் ‘ஐ.இ.இ.இ. 802.11’. பொறியாளருக்கு அது போதும், கடையில் போய் அப்படிக் கேட்க முடியுமா? கருவி தயாரித்த நிறுவனங்களின் கூட்டமைப்பு, பெயர் வைப்பதைத் தொழிலாகச் செய்யும் இன்டர்பிராண்டிடம் போனது. அவர்கள் தந்த பெயர்களில் ஒன்றுதான் வைஃபை. ஒலிக்கருவி உலகில் ஏற்கெனவே புழங்கிய ‘ஹைஃபை’யோடு ஓசை ஒத்துப்போனது. மூல ஒலியைச் சிதைக்காமல் தருவது ஹைஃபை. (நம்மூரில் அது ‘ஹைஃபை ஆளு’ என்று பகட்டுக்குப் போனது தனிக்கதை.) பொருளில்லாத பெயரை ஏற்கக் கூட்டமைப்பில் சிலர் தயங்கவே, ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டிக்கான தரம்’ என்று ஒரு விளம்பர வாசகத்தைப் பின்னால் ஒட்டினார்கள். கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் பெலாஞ்சரே சொன்ன தகவல் இது. வாசகத்தைப் பிறகு கைவிட்டார்கள், விரிவு மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆகவே ‘கம்பியில்லா நம்பகம்’ என்று மொழிபெயர்ப்பது வீண்வேலை. ‘கம்பியில்லா இணைப்பு’ தவறில்லை, ஆனால் செல்பேசி இணையமும் ப்ளூடூத்தும்கூடக் கம்பியில்லாதவைதானே. தமிழ் விக்கிப்பீடியாவிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் சொற்பட்டியல்களிலும் உள்ள சொல் ‘அருகலை’. அருகு + அலை, உகரம் கெட்டுப் புணர்ந்தது. ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டுப் பொருளின் இயல்பைப் பார்த்துச் செய்த சொல் என்பதால் எனக்குப் பிடிக்கும். ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை என்று அதே சாயலில் உறவும் இருக்கிறது. ஒரு சின்னக் குறை: அருகுதல் என்றால் குறைதலும்தான், ‘அருகலை’யை ‘குறைவதை’ என்றும் படிக்கலாம். சிக்னல் அடிக்கடி குறையும் அலுவலகங்களில் அந்தப் பொருளும் பொருந்தும்!

அலுவலகத்தில் அருகலை அமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ‘அருகு’ எவ்வளவு தூரம் என்பதைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி ஓரளவு போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டிடம் சீக்கிரம் தோற்கும். லிஃப்ட் கூண்டும் இரும்பு பீரோ வரிசையும் இரண்டையுமே மறிக்கும். அதனால் அணுகுபுள்ளியை, அதாவது அலையைப் பரப்பும், ஆட்கள் ‘ஏ.பி.’ என்று சொல்லும் பெட்டியை, மாட்டியதும் கதவுகளைச் சாத்திவிட்டு, சிக்னல் அளவைக் காட்டும் செயலியோடு அறை அறையாக நடக்க வேண்டும். அளவு, சிக்னல் வலிமையின் அலகான டிபிஎம் கணக்கில் கழித்தல் குறியோடு வரும். -50 அருமை, -67 வரை இருந்தால் இணையவழிப் பேச்சு தடுமாறாது, -80க்கும் கீழே போனால் புகார் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸை எண்ணிட்ட சேனல்களாக, அதாவது சிறு அலைத்தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அவற்றில் 1, 6, 11 என்ற மூன்றுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்.

‘அருகு’ என்றதும் நம் நான்கு சுவருக்குள் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே டீக்கடையில் நிற்பவருக்கும் அது அருகுதான். அருகலையில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் பழைய ‘வெப்’ (WEP) பூட்டு 2001இலேயே உடைபட்டது, இன்று அதற்குப் பின் வந்த பூட்டுகளான டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 வேண்டும். இணைப்பின் பெயரை மறைத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை, இணையும் கருவிகளே அதைக் காற்றில் சொல்லிவிடும். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுத்து அதைப் பலகையில் எழுதி வைப்பதைவிட, ஊழியருக்கு ஆளுக்கொரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தருவது மேல். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடையதை மட்டும் நீக்கினால் போதும். வருகிறவர்களுக்கு ‘விருந்தினர் அருகலை’ என்று தனியாக ஒன்று, கணக்குக் கணினியும் அச்சுப்பொறியும் கண்ணில் படாதபடி.