பேத்தியை அம்மா என்று கூப்பிடும் பாட்டி

கனடாவின் வடக்கே நுனாவுட்டில், எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தவழும் பேத்தியை "அம்மா" என்று கூப்பிடலாம். அது கொஞ்சலும் இல்லை, மறதியும் இல்லை. பாட்டியைப் பெற்றவர் இறந்த பிறகு பிறந்த அந்தக் குழந்தைக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். ஆகவே முறைப்படி அவள் பாட்டிக்கு அம்மா.

அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் முதுமையில் உறவு அறுந்துபோகாமல் காப்பதில் இந்தப் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு. பெயரோடு இறந்தவரின் உயிரில் ஒரு பங்கும் வருகிறது என்பது நம்பிக்கை. நம்மிடமும் தாத்தா பெயரைத் தாங்குபவன்தான் பெயரன், அதாவது பேரன். ஆனால் இனுயிட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: பெயரோடு உறவுமுறையும் சேர்ந்தே வருகிறது. பெயருக்கு ஆண், பெண் பேதம் கிடையாது, பெண் குழந்தைக்குத் தாத்தா பெயரும் வரலாம். ஒரே பெயரைப் பல குழந்தைகளுக்கு வைப்பதும் உண்டு, அதனால் இறந்த ஒருவர் நாலைந்து வீடுகளில் வளர்வார். கணவரை இழந்த மூதாட்டிக்கு அவர் பெயர் கொண்ட பொடியன் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். தன் பெயரும் ஒருநாள் இப்படி ஊருக்குள் ஓடியாடும் என்பது அவருக்குத் தெரியும்.

கனடா அரசுக்கு இது பிடிபடவில்லை. குடும்பப் பெயர் இல்லாத இவர்களை அடையாளம் காண, 1941-லிருந்து ஆளுக்கொரு எண் பொறித்த வில்லையைக் கொடுத்தது. குடும்பப் பெயர் பதியும் வேலை 1968-ல்தான் தொடங்கியது.

அப்புறம், சாப்பாடு. வேட்டையில் கிடைத்த கடல்நாய் இறைச்சியில் முதியவர்களுக்குப் பங்கு போகும். ஒரு பையன் முதன்முதலாக வேட்டையாடியதை, அவன் பிறந்தபோது பிரசவம் பார்த்த பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம். அந்தப் பெண்ணுக்கு வயதாக ஆக, அவர் கையில் பிறந்த பையன்கள் வேட்டைக்காரர்களாகிறார்கள்.

மானிடவியலாளர் பீட்டர் காலிங்ஸ் உலுக்காக்டோக் என்ற இனுயிட் ஊரில் நல்ல முதுமை எது என்று ஆராய்ந்து 2001-ல் எழுதினார். உடல்நலத்தைவிட, தளர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் மனமும், தெரிந்ததை இளையவர்களுக்குச் சொல்லித்தர விரும்புவதும்தான் அங்கே பெரிதாகப் பேசப்பட்டன. முழங்கால் போனாலும் பனியின் தன்மையைச் சொல்லித்தரலாம், இல்லையா?

சிக்கல் மறதிநோயில் வருகிறது. தீவிர பராமரிப்பு தேவைப்படும் நுனாவுட் முதியவர்கள் பலரை, அதன் தலைநகர் இக்காலுயிட்டிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒட்டாவாவுக்கு அனுப்பினார்கள். நுனாவுட்டை வெளியுலகோடு இணைக்கும் சாலையே இல்லை. விமானம்தான், டிக்கெட்டோ கொள்ளை விலை. மறதிநோயில் பொதுவாக அண்மை நினைவுகள் முதலில் கரையும், சிறுவயதுப் பேச்சும் ருசியும் நெடுநாள் நிற்கும். அதாவது இனுக்டிடுட் மொழியும் கடல்நாய் இறைச்சியும் மட்டுமே பிடிமானமாக மிஞ்சும் நேரத்தில், அவை அரிதாகக் கிடைக்கும் ஊருக்கு ஆளை மாற்றுகிறார்கள். மருத்துவக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது.

இந்தத் தலைமுறைக்குத் தெற்கே போவது என்றால் ஒரு பழைய பயமும் உண்டு. 1956-ல் காசநோய்க்காக இனுயிட்டுகளில் ஏழில் ஒருவர் தெற்கத்தி மருத்துவமனைகளில் இருந்தார். பலர் திரும்பி வரவேயில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில குடும்பங்களுக்குச் சொல்லப்படவில்லை.